பனியை எங்கே தொலைத்தாய்?

போன ஜனவரியில் ஏற்காட்டில் எடுத்த படம் ஒன்று. எஸ்டேட்டுக்குள் போகிற சின்னச் சாலை, இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, சாலையின் கோடியில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நடந்து போகிற ஒரு ஆள். காலை ஏழு மணி இருக்கும். நாலரைக்கே சேலத்திலிருந்து பைக்கில் கிளம்பி, அடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பல் தந்தியடிக்க ஏறிப் போய் எடுத்தது. அப்படி ஒரு பனி அன்றைக்கு. முதல் மரம் தெரியும், இரண்டாவது மரம் பாதி தெரியும், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருளில் போட்டால் படம் சப்பென்று கிடந்தது. ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று காட்டுகிற வரைபடம், நடுவில் ஒரு கரடு மாதிரி கும்மென்று நிற்கிறது, இடது ஓரத்தில் கறுப்பும் இல்லை, வலது ஓரத்தில் வெள்ளையும் இல்லை. டீஹேஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, 2015-இல் அடோபி சேர்த்தது, அதைப் பிடித்து 60 வரைக்கும் இழுத்தேன். காற்றில் இருக்கிற நீர்த்துளி வெளிச்சத்தைச் சிதறடித்து எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளைப் பூச்சு பூசுகிறது இல்லையா, அந்தப் பூச்சு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அதைக் கழித்துவிடுகிற வேலை அது. கழித்தது. மரப்பட்டை தெரிந்தது, மிளகு இலை தெரிந்தது, நடந்து போகிறவரின் சாக்கில் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது. மேலே கொஞ்சம் கிளாரிட்டி, நிறத்தை அடர்த்தியாக்கக் கொஞ்சம் சாச்சுரேஷன். எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு மாலை அதை எங்கள் கூட்டத்தில் காட்டினேன். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பெயர்கூட வைக்கவில்லை, ஆறேழு பேர், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒருவர் வீட்டு மொட்டை மாடி, ஒரு லேப்டாப், ஒரு டப்பா முறுக்கு. எங்களில் மூத்தவர் ஒரு காலத்தில் சேலத்தில் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்போம், வயதைப் பார்த்தால் பெரியப்பா என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்து, தள்ளி வந்து பார்த்து, "அன்னிக்கு எவ்வளவு குளிரு இருந்திருக்கும் தம்பி?" என்றார்.

"பன்னெண்டு, பதிமூணு டிகிரி இருக்கும்ணா. கை வெறைச்சுப் போச்சு."

"படத்துல குளிரவே இல்லையே. பனியப் பார்க்கத்தான மலை ஏறுன? அத எங்க தொலைச்ச?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. உடனே ஆரம்பித்தேன் பாருங்கள் விளக்கத்தை: ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்தது அப்படியே இருக்கிற கோப்பில், எப்படி இருந்தது தெரியுமா, கான்ட்ராஸ்டே இல்லை, ஐஎஸ்ஓ 1600, ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், பழைய படத்தையும் காட்டுகிறேன் பாருங்கள், இதைப் போய் நன்றாக இருக்கிறது என்பீர்களா... ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். அண்ணன் முறுக்கு தின்றுகொண்டே கேட்டார். கடைசியில் பழைய படத்தைக் காட்டியதும், "ஆமா, இது சப்புனுதான் இருக்கு. ஆனா குளிருது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. மூன்றாவது நாள் ராத்திரி திறந்து டீஹேஸை 60-லிருந்து 10-க்குக் கொண்டுவந்தேன், சாலையில் நடக்கிறவர்மேல் மட்டும் ஒரு பிரஷ் போட்டு அவரைக் கொஞ்சம் கறுப்பாக்கினேன், மற்றதைப் பனிக்கே விட்டுவிட்டேன். அந்தப் படத்தைப் பற்றிக் கடைசியில் இன்னொன்று சொல்ல வேண்டும், அப்புறம் வருகிறேன்.

படத்தை எடிட் செய்து நாலு பேரிடம் காட்டுவதும், நாலு பேர் காட்டுவதைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும், நான் நினைத்ததைவிடக் கஷ்டமான வேலை. கேமரா வாங்கி எட்டு வருடம் ஆகிறது, அப்பர்ச்சரும் ஷட்டரும் ஆறு மாதத்தில் பழகிவிட்டது. ஒருவர் படத்தைப் பார்த்து வாயைத் திறக்கும் முன் என்ன யோசிக்க வேண்டும் என்பது இன்னும் பழகவில்லை.

முதலில் ஒரு கூத்தைச் சொல்கிறேன். எங்கள் டீச்சர் (அரசுப் பள்ளியில் அறிவியல், விடிந்தால் மூக்கனேரிக் கரையில் பைனாகுலரோடு இருப்பார்) ஒரு காப்பிப் பூப் படம் அனுப்பியிருந்தார். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை வரும், அந்தப் பூ. ஒருவர், பூ மஞ்சளாக இருக்கிறது, ஒயிட் பேலன்ஸைக் குறையுங்கள் என்றார். இன்னொருவர், இல்லையே, நீலம்தான் அதிகம், 5000 கெல்வினில் இருக்கிறதா, 5600-க்கு ஏற்றிப் பாருங்கள் என்றார். நான் என் பங்குக்கு, படமே இருட்டாக இருக்கிறது, அரை ஸ்டாப் தூக்குங்கள் என்றேன். டீச்சர் பாவம், மூன்று பேர் சொன்னதையும் செய்து பார்த்து, மூன்று பேருக்கும் பிடிக்காமல், அடுத்த ஞாயிறு வந்து எங்கள் மூன்று பேர் போனையும் வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே படம். ஒரு போனில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போடுகிற மஞ்சள் வடிகட்டி, அது ராத்திரிக்கு மட்டும்தான் என்று தெரியாமல் ஒன்றரை வருடமாக இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் திரை 'விவிட்' என்கிற பளிச் முறையில் இருக்கிறது. என்னுடையதில் பேட்டரி மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைக் கால்வாசியில் வைத்திருக்கிறேன்.

ஆக நாங்கள் மூன்று பேரும் ஒரு வாரமாகக் கருத்துச் சொன்னது அவரவர் போனைப் பற்றி. பூவைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து எங்களிடம் ஒரு பழக்கம் வந்தது. நிறத்தைப் பற்றி யாராவது பேசினால், எதில் பார்த்தீர்கள் என்று முதலில் கேட்போம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கி, நசுக்கித்தான் அனுப்பும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது எடிட்டிங்கின் குற்றமா வாட்ஸாப்பின் குற்றமா என்று சொல்ல முடியாது, அதனால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வோம். என் சொந்தக் கோமாளித்தனம் ஒன்றும் உண்டு. ஒரு மாதம் முழுக்க நான் அனுப்பிய எல்லாப் படமும் மங்கலாக இருக்கிறது என்றார்கள், நானும் சாச்சுரேஷனை ஏற்றி ஏற்றி அனுப்பினேன், கடைசியில் பார்த்தால் எக்ஸ்போர்ட்டில் நிற எல்லை எஸ்ஆர்ஜிபி என்று இருக்க வேண்டிய இடத்தில் அடோபி ஆர்ஜிபி என்று இருந்தது. அந்த விரிந்த நிற எல்லைக்கு எழுதிய எண்களை, நிறக் குறிப்பைப் படிக்காத ஒரு ஆப் சாதாரண எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டினால் நிறமெல்லாம் சோகை பிடித்த மாதிரிதான் வரும். குழம்பில் உப்பு சரியாக இருந்திருக்கிறது, நான்தான் ஊரார் பேச்சைக் கேட்டுக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டிருக்கிறேன்.

பிரிண்ட் போட்டால் வேறு கதை. லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் படம் ஏற்கெனவே பிரகாசமாகத்தான் தெரியும், நாமும் அதற்குத் தக்கபடி இருட்டாக்குவோம், லேபிலிருந்து பிரிண்ட் வந்தால் கரிப்பிடித்துப் போயிருக்கும். லேப்காரரைத் திட்டுவோம். பிரிண்டுக்காக வேலை செய்கிறவர்கள் திரையைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா அளவில், 6500 கெல்வினில் வைத்துக்கொள் என்பார்கள். அதை அளக்கிற கருவி எங்களில் ஒருவரிடமும் இல்லை. அதனால் ஒரு மொட்டையான வழி வைத்திருக்கிறோம்: நன்றாக வந்த பழைய பிரிண்ட் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை திரை வெளிச்சத்தைக் குறைப்பது. அறிவியல் இல்லைதான், பிரிண்ட் பணம் மிச்சமாகிறது.

இப்போது நான் செய்த பாவத்துக்கு வருகிறேன்.

எங்களில் சின்னவன் ஒரு கல்லூரித் தம்பி. கேமரா கிடையாது, போன்தான். ஆடியில், சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிற மாரியம்மன் காளியம்மன் கோயில் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும், சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: ஆட்கள் சாமி வேஷம் கட்டிக்கொண்டு, நீல முகமும் தங்கக் கிரீடமும் நாலு கையும் எட்டுக் கையுமாக, ஜோடித்த வண்டிகளில் சீரியல் விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஊர்வலம் வருவார்கள். குகையே அன்றைக்குத் தெருவில்தான் இருக்கும். அவன் அதில் காளி வேஷம் போட்டவர் ஒருவரை எடுத்து, எடிட் செய்து காட்டினான். சிவப்பு கண்ணைக் குத்தியது. நீலம் அதைவிட. நான் ஆபீசில் வேறு ஒரு எரிச்சலில் இருந்தேன், படத்தை மூன்று விநாடி பார்த்திருப்பேன், "ஓவர் எடிட்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

அவன் மூன்று மாதம் வரவில்லை.

பரீட்சை இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் டீச்சர் சொன்னார், பையன் எடிட் செய்கிற ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிட்டானாம். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் என்னிடம் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் என் படத்தையும் குறைதான் சொன்னார், ஆனால் 'ஓவர்' என்று சொல்லவில்லை. குளிர் இல்லை என்றார், பனி இல்லை என்றார். எதைத் தேடினார், எது கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, போய்ச் சரிசெய்ய ஒரு இடம் இருந்தது. நான் அந்தப் பையனுக்குக் கொடுத்தது என்ன? 'ஓவர் எடிட்' என்பது 'உனக்கு ரசனை இல்லை' என்பதைச் சுருக்கிச் சொல்வதுதான். அதை வைத்துக்கொண்டு அவன் எந்த ஸ்லைடரை எவ்வளவு குறைப்பான்?

ஒரு சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, தட்டு வடை செட் கடைக்கு அழைத்துப் போனேன். முதல் தட்டு முடிகிறவரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, அந்தக் காளி படத்த இன்னொரு தடவ காட்டு. நான் அன்னிக்குச் சரியா பார்க்கல" என்றேன். காட்டினான். இந்தத் தடவை ஐந்து நிமிடம் பார்த்தேன், விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாக. பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு கலர் ஏத்துன?" என்று கேட்டேன். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான்.

"அண்ணா, வண்டி வேடிக்கையே ஓவர்தானண்ணா?" என்றான்.

எனக்கு வாயடைத்துப் போனது. சரிதானே. ஆயிரம் பல்பு, ஜிகினா, முகம் முழுக்க நீலப் பெயின்ட், வெளியே தொங்குகிற சிவப்பு நாக்கு. அதைப் போய் அடக்கமாக, சாம்பல் பூத்த மாதிரி காட்டினால் அதுதானே பொய்? எனக்கு அடக்கமான நிறம் பிடிக்கும், அது என் ருசி. என் ருசியை அவன் படத்தின் குறை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் குறையே இல்லாமலும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது காளியின் சிவப்புப் பட்டில் மடிப்பே இல்லை, ஜரிகையே இல்லை, சிவப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தது. போன் சேமிக்கிற ஜேபெக் 8 பிட், ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். அவன் சாச்சுரேஷனை ஏற்ற ஏற்றச் சிவப்பு 255-இல் போய் முட்டி நின்றுவிட்டது. மடிப்பின் மேடும் 255, பள்ளமும் 255, அப்புறம் எங்கே மடிப்பு தெரியும்? 14 பிட் ரா ஃபைல் என்றால் 16,384 படிகள், கொஞ்சம் ஓடியாட இடம் இருக்கும். இதைச் சொல்லி, "கலர் உன் இஷ்டம், ஆனா இந்தப் பட்டுல இருந்த ஜரிகை காணாமப் போச்சு பாரு, அது உனக்கு வேணுமா வேண்டாமா?" என்றேன். "ஐயய்யோ, வேணும்ணா, அந்த அக்கா பொடவைய அவங்களே தச்சதாம்" என்றான். சிவப்பின் சாச்சுரேஷனை மட்டும் தனியாக 15 குறைத்தோம், ஜரிகை வந்தது. மற்றதெல்லாம் அவன் ஏற்றிய இடத்திலேயே, கண்ணைக் குத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் படம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. நல்ல படம்.

கருத்தைக் கேட்டுக்கொள்வதில் நான் செய்த தப்பு இதைவிடச் சுவாரசியம், கொஞ்சம் வெட்கமும்கூட.

டிசம்பரில் காப்பிப் பழம் பறிக்கிற சமயம், ஒரு எஸ்டேட்டில் பழம் பறிக்கிற அம்மா ஒருவரை அனுமதி கேட்டு எடுத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் கூடை, முகம் முழுக்கச் சுருக்கம், எட்டுக்கல் மூக்குத்தி. பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்து, முகத்தில் நிழல் அதிகம் என்று ஷேடோவைத் தூக்கினேன், ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை ஏற்றினேன் (நம் தோலின் நிறம் பெரும்பாலும் அந்த ஸ்லைடரில்தான் இருக்கும், கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் ஒரே மாவில் சுட்ட இட்லி மாதிரி வருவதற்கும் அதுதான் காரணம்), டெக்ஸ்ச்சரைக் குறைத்து முகம் முழுக்க ஒரு பிரஷ், ஹைலைட்டை மைனஸ் 80. மென்மையாக, பத்திரிகை அட்டை மாதிரி வந்தது.

கூட்டத்தில் காட்டினேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற நண்பர் பார்த்துவிட்டு, "மூக்குத்தி செத்துப் போச்சுங்களே" என்றார். "ஷார்ப்னஸ் ஏத்திப் பாருங்க." நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஷார்ப்னஸ் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, இவருக்கு லைட்ரூமில் ஒன்றும் தெரியாது, போனில் ஸ்னாப்சீட் தட்டுகிறவர். அவர் சொன்ன மருந்து தப்பு, அதனால் அவர் சொன்ன நோயும் தப்பு என்று இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குதுப்பா" என்றார். அப்புறம், "இது எந் தங்கச்சி மாதிரி இருக்குது" என்றார். பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டினார், அவர்களும் ஆமாம் என்றார்கள். கடைசியாக, மரியாதையாகத்தான் கேட்டார்: "எம் மூக்குத்தி ஏம்ப்பா மங்கிப் போச்சு? அது எங்க அம்மா போட்டது."

இறங்கி வரும்போது எத்தனையாவது வளைவில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

மறுநாள் கொலுசு நண்பரின் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் குத்திக்காட்டவில்லை, ஒரு கொலுசை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல வெள்ளை எங்க இருக்குது காட்டுங்க" என்றார். உற்றுப் பார்த்தால் பெரும்பகுதி சாம்பல், பள்ளமெல்லாம் கறுப்பு, மேட்டில் ஒரு ஊசிமுனை அளவுதான் வெள்ளை. "அந்தக் கறுப்பு இருக்கறதாலதான் இது மின்னுது. பூராத்தையும் வெள்ளையாக்குனா ஈயமாட்டம் ஆயிரும்." நான் செய்தது அதேதான். மூக்குத்தியின் மினுக்கு என்பது படத்தில் நாலைந்து பிக்சல், சுத்த வெள்ளை, சுற்றிலும் இருட்டு. ஹைலைட்டைக் குறைத்து அந்த வெள்ளையைச் சாம்பலாக்கினேன், ஷேடோவைத் தூக்கிச் சுற்றியிருந்த இருட்டையும் சாம்பலாக்கினேன், மிச்சம் இருந்ததைப் பிரஷ் தடவி மெழுகினேன். மூன்று பக்கத்திலிருந்தும் கொன்றிருக்கிறேன். ஷார்ப்னஸ் ஏற்றினால் அது வராதுதான். ஆனால் செத்துப் போனது என்று அவர் பார்த்தது உண்மை, இருபது வருடமாக வெள்ளியைப் பார்க்கிற கண் அது.

இதை ஸ்டுடியோ அண்ணனிடம் சொன்னபோது அவர் தன் காலத்துக் கதை ஒன்று சொன்னார். அப்போது அதற்கு 'டச்சிங்' என்று பேர். நெகட்டிவை ஒரு சாய்வுப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச்செய்து, பென்சிலை ஊசி மாதிரி சீவிக்கொண்டு ஃபிலிமில் மருந்து பூசிய பக்கத்தில் புள்ளி புள்ளியாக வைப்பார்களாம். முகத்தில் கறுப்பாக இருக்கிற பரு நெகட்டிவில் வெளுப்பாக, ஒளி ஊடுருவுகிற இடமாக இருக்கும், அதன்மேல் பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துப் பரு மறைந்துவிடும். எதையாவது கறுப்பாக்க வேண்டுமென்றால் பிளேடால் மெல்லச் சுரண்டுவது. கை கொஞ்சம் தவறினால் நெகட்டிவே போயிற்று, அன்டூ எல்லாம் கிடையாது.

"எங்க முதலாளி ஒண்ணே ஒண்ணு சொல்லுவாரு. பருவ எடு, மச்சத்தத் தொடாத. மச்சம் எஸ்எஸ்எல்சி புக்குல அங்க அடையாளமா எழுதியிருக்கும்பாரு."

வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். போன வாரம் இருந்து அடுத்த வாரம் போகப்போவதை எடுக்கலாம். அந்த ஆளோடு கூட இருப்பதை எடுப்பதற்கு முன் அந்த ஆளிடம் கேட்க வேண்டும். சுருக்கம் அந்த அம்மாவின் மச்சம் மாதிரி. மறுபடி எடிட் செய்து, இரண்டாவது பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஆ, இதுதான் நானு. கெழவி" என்று சிரித்தார். முதல் பிரிண்டையும் திருப்பித் தரவில்லை, அதைத் தங்கச்சிக்குக் கொடுக்கப்போகிறாராம்.

எதையும் எடுக்கலாமா கூடாதா என்பதில் நாங்கள் ஒத்துப்போகாத இடமும் உண்டு. ஒரு நண்பர் மூக்கனேரியில், ஏரிக்கு நடுவே மண்ணைக் குவித்து மரம் வைத்த திட்டுகள் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றில் சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகத்தை எடுத்தார். அருமையான வெளிச்சம். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தது, அதைக் குளோன் செய்து எடுத்துவிட்டார். போட்டிக்கு அனுப்பப்போகிறேன், இயற்கைப் பிரிவில், எப்படி இருக்கிறது என்று கேட்டார். டீச்சர் தடுத்தார். பிஎஸ்ஏ, ஃபியாப், ஆர்பிஎஸ் என்கிற மூன்று புகைப்பட அமைப்புகளும் சேர்ந்து 2014-இல் இயற்கைப் படத்துக்கு ஒரே வரையறை கொண்டுவந்தன, அதன்படி கிராப் செய்யலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் இயல்பு கெடாமல் சரிசெய்யலாம், ஆனால் படத்தில் இருக்கிற எதையும் எடுக்கவோ சேர்க்கவோ நகர்த்தவோ கூடாது. பாட்டிலும் அதில் சேர்த்தி. நண்பருக்குக் கோபம், "வீட்டுல மாட்டறதுக்குமா பாட்டிலோட மாட்டணும்?" என்றார். வீட்டில் மாட்ட எடுக்கலாம் என்பது என் கட்சி. எடுக்கவே கூடாது, ஏரி அப்படித்தான் இருக்கிறது என்பது டீச்சர் கட்சி. இரண்டு வருடமாக இந்தச் சண்டை ஓடுகிறது.

இப்போதெல்லாம் படம் காட்டுகிறவர் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 'குளிர் தெரிய வேண்டும்', 'கூட்டத்தின் இரைச்சல் தெரிய வேண்டும்', அவ்வளவுதான், ஷட்டர் வேகமும் லென்ஸ் பேரும் வேண்டாம். காட்டிய பிறகு அவர் பேசக்கூடாது. எனக்கு இதுதான் கொடுமை, முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எடிட்டுக்கு முந்தைய படத்தை முதலில் காட்டுவதும் இல்லை. முன், பின் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பின்னதுதான் எப்போதும் ஜெயிக்கும், பளபளப்பானது பக்கத்தில் இருக்கும்போது சப்பென்று இருப்பதற்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? டீஹேஸ் 60-இல் நான் ஏமாந்ததும் அப்படித்தான், பழைய படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே மேலே போனேன். ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் எதற்கும் பழகிவிடும், புளித்த மாவின் வாசனை அரைத்தவர் மூக்குக்குத் தெரியாத மாதிரி. ஒரு ராத்திரி ஆறப்போட்டு, விடிந்ததும் போனில் விரல் நக அளவில் பார்த்தால் அதிகம் எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது.

சரி, அந்தப் பனிப் படம்.

புது எடிட்டைக் கூட்டத்தில் காட்டியபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. பனி வந்துவிட்டது என்றார்கள். நடக்கிறவரை இன்னும் கறுப்பாக்கலாமா வேண்டாமா என்று பத்து நிமிடம் பேசினோம். கொலுசு நண்பர்கூட, கறுப்பு போதும், சரியாக இருக்கிறது என்றார். தைரியம் வந்து 12-க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு, பிரேம் போடும் முன் அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாதமாக இந்த ஒரு படத்தில் என்னென்ன கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "இப்பக் குளிருது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து, பேரனுடைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து, பிரிண்டின் அடி ஓரத்தில் வைத்து, முதல் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துப் பிடித்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மேலே போகப்போக ஒரு விரல் இடைவெளி. அடுத்த மரத்தில் வைத்தார். அங்கேயும்.

"தம்பி," என்றார், "மரமெல்லாம் சேலம் பக்கம் சாஞ்சிருக்கு பாரு."